பூட் தொடக்கத்தில் நினைவகத்தை எதை நம்பிப் பங்கிடுவது? கர்னல் எழுதுவோருக்கு ஓர் ஒப்பீடு

சொந்தமாகக் கர்னல் (இயங்குதளத்தின் மைய நிரல்) எழுதத் தொடங்கும் எவரும் சீக்கிரமே ஒரு முடிச்சில் வந்து நிற்பார்கள். நினைவகத்தைப் பக்கம் பக்கமாகப் பங்கிட்டுத் தர ஓர் அலொகேட்டர் வேண்டும். அந்த அலொகேட்டர் தன் கணக்கை எழுதி வைக்கவே நினைவகம் வேண்டும். அதை அதற்கு யார் தருவது? லினக்ஸில் ஒவ்வொரு 4 கேபி பக்கத்துக்கும் வழக்கமாக 64 பைட்டில் ஒரு பதிவு உண்டு. 1 டிபி ரேம் உள்ள சர்வரில் இந்தப் பதிவுகள் மட்டுமே 16 ஜிபி பிடிக்கும். பிரதான அலொகேட்டர் கண் விழிக்கும் முன்பே இவ்வளவையும் யாரோ எடுத்துக் கொடுத்தாக வேண்டும். அந்த இடைக்கால ஏற்பாட்டைத்தான் இங்கே தொடக்க அலொகேட்டர் என்கிறேன்.

இதைச் செய்ய நடைமுறையில் ஐந்தாறு வழிகள் இருக்கின்றன. பலரும் அவற்றை வேகத்தை வைத்தோ நிரல் வரிகளின் எண்ணிக்கையை வைத்தோ ஒப்பிடுகிறார்கள். பூட்டின்போது ஒரே ஒரு முறை ஓடிவிட்டுப் போகும் நிரலுக்கு அந்த அளவுகோல்கள் பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. ரேமில் ஏற்கெனவே யார் யார் குடியிருக்கிறார்கள் என்று இந்த அலொகேட்டருக்குத் தெரியுமா? வேலை முடிந்து பிரதான அலொகேட்டரிடம் பொறுப்பைக் கொடுக்கும்போது, ஒரு பக்கம்கூட இரண்டு பேர் கைக்குப் போகாமல், ஒரு பக்கம்கூடத் தொலையாமல் கணக்கை ஒப்படைக்குமா? பாதுகாப்பு என்று பேசுவதெல்லாம் கடைசியில் இந்த இரண்டில் வந்து அடங்கிவிடும்.

வரைபடத்தில் இல்லாத குடியிருப்பாளர்கள்

எந்த வழியில் போனாலும் தொடக்கம் ஃபர்ம்வேர் (இயந்திரத்தோடு வந்து, கர்னலுக்கும் முன்பே ஓடும் நிரல்) தரும் நினைவக வரைபடம்தான். க்யூஈமு என்ற எமுலேட்டரில் எக்ஸ்86 இயந்திரம் ஒன்றை ரேம் அளவு சொல்லாமல் ஓடவிட்டால் 128 எம்பி கிடைக்கும். பயாஸ் என்ற பழைய வகை ஃபர்ம்வேரிடம் வரைபடம் கேட்டால் வருவது இதுதான்: 0 முதல் 639 கேபி வரை பயன்படுத்தலாம். அடுத்த 1 கேபி பயாஸின் சொந்தத் தரவு, தொடக்கூடாது. 960 கேபி முதல் 1 எம்பி வரை பயாஸ் ரோம். 1 எம்பி முதல் 127.875 எம்பி வரை பயன்படுத்தலாம். அதற்கு மேலுள்ள 128 கேபி தொடக்கூடாதது. 4 ஜிபி எல்லைக்குச் சற்றுக் கீழே இன்னொரு 256 கேபியும் அப்படியே. 640 முதல் 960 கேபி வரை என்ன இருக்கிறது என்று வரைபடம் வாயே திறக்காது. அது சொல்லாத இடம் ரேம் அல்ல என்று எடுத்துக்கொள்வதுதான் சரி.

பார்க்க எளிதாக இருக்கிறது. ஆனால் 1 எம்பியில் தொடங்கும் அந்தப் பெரிய ‘பயன்படுத்தலாம்’ பகுதிக்குள்தான் உங்கள் கர்னலே உட்கார்ந்திருக்கிறது. பூட்லோடர் (கர்னலை ரேமில் ஏற்றும் நிரல்) ஏற்றிவைத்த தொடக்க ரேம் டிஸ்க்கும் (பூட்டுக்குத் தேவையான கோப்புகளின் தொகுப்பு) அங்கே இருக்கிறது. பூட்லோடர் கர்னலுக்காக எழுதிவைக்கும் மல்ட்டிபூட் தகவல் கட்டமைப்பும் கர்னலுக்கான கட்டளை வரியும் ரேமில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் வரைபடத்தின் பிரதியும் அப்படித்தான். இவை எதையும் வரைபடம் தனியே பிரித்துக் காட்டாது. கர்னலின் முடிவு முகவரிக்கு மேலிருந்து எடுத்தால் போதும் என்று தொடங்கினால், முதல் சில பக்க அட்டவணைகளை (விர்ச்சுவல் முகவரியை ரேமின் பிசிக்கல் முகவரியோடு இணைப்பவை) எழுதும்போதே ரேம் டிஸ்க்கின் தலைப்பகுதி அழிந்துபோகலாம். பிழை வெளியே தெரிவது எப்போதோ. கோப்புமுறை ஏறவில்லை என்று ஒரு செய்தி வரும். காரணத்தை எல்லாரும் கோப்புமுறையில் தேடிக்கொண்டிருப்பார்கள்.

பயாஸுக்குப் பின் வந்த ஃபர்ம்வேர் வகையான யூஇஎஃப்ஐ-யில் வரைபடம் விரிவானது, ஆனால் அதை வாங்குவதே ஒரு நுணுக்கம். வரைபடத்தை வைக்க ஒரு பஃபர் வேண்டும். அந்தப் பஃபரை ஃபர்ம்வேரிடம் கேட்டு வாங்கினால் அந்த ஒதுக்கீடே வரைபடத்தை மாற்றிவிடும், பதிவுகள் கூடவும் செய்யலாம். அதனால் அது சொன்ன அளவுக்கு மேல் சில பதிவுகளுக்கு இடம் விட்டுத்தான் கேட்க வேண்டும். பூட் சேவைகளை (கர்னல் பொறுப்பேற்கும்வரை ஃபர்ம்வேர் தருபவை) முடித்துக்கொள்ளும்போது வரைபடத்தோடு வந்த சாவி எண்ணையும் தர வேண்டும். இடையில் வரைபடம் மாறியிருந்தால் அழைப்பு தோற்கும். மறுபடி வரைபடத்தை வாங்கி மறுபடி முயல வேண்டும். பதிவு ஒவ்வொன்றின் அளவையும் ஃபர்ம்வேர் சொன்னபடியே வைத்து நகர வேண்டும். உங்கள் நிரலில் உள்ள ஸ்ட்ரக்ட்டின் அளவை வைத்து நகர்ந்தால் இரண்டாவது பதிவிலிருந்தே குப்பையைப் படிப்பீர்கள்.

இன்னொன்று. பூட் சேவைகள் முடிந்தபின் அவை வைத்திருந்த ரேம் கர்னலுக்குச் சொந்தம் என்கிறது விதிமுறை. நிஜத்தில் சில ஃபர்ம்வேர்கள் அதன்பிறகும் அந்த இடத்தைத் தொடுகின்றன. அதனால் எக்ஸ்86 லினக்ஸ் அந்தப் பகுதிகளை உடனே எடுத்துக்கொள்வதில்லை. ஃபர்ம்வேரின் இயக்கநேரச் சேவைகளுக்கு விர்ச்சுவல் முகவரி கொடுத்து முடித்த பிறகே விடுவிக்கிறது. பழைய பயாஸ் இயந்திரங்களிலும் இதே கதை. கீழ் 1 எம்பியை பயாஸ் கெடுத்துவிடுகிறது என்று ஆண்டுக்கணக்காகத் துண்டு துண்டாக ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 2021-இல் எக்ஸ்86 லினக்ஸ் அந்த 1 எம்பியை முழுவதுமாகவே ஒதுக்கிவைத்துவிட்டது. நல்ல முடிவு. பல ஜிபி ரேம் உள்ள காலத்தில் 1 எம்பியை மிச்சப்படுத்தப் போய் காரணம் தெரியாத சிதைவை வாங்கிக்கொள்வானேன்?

ரிஸ்க்-5 (எக்ஸ்86 போல இன்னொரு சிபியு வகை) பலகைகளில் வழக்கமாக ரேமின் அடிப்பகுதியில் ஓப்பன்எஸ்பிஐ என்ற ஃபர்ம்வேர் உட்கார்ந்திருக்கும், 64 பிட் கர்னல் 2 எம்பி தள்ளி ஏறும். அந்த அடிப்பகுதியை வன்பொருளே பூட்டி வைத்திருப்பதால், அதிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்து எழுதினால் அந்த நொடியே பிழை எழும். ஒருவகையில் இது எக்ஸ்86-ஐவிட நல்லது. தவறு நடந்த இடத்திலேயே பிடிபடுகிறது.

இத்தனையையும் விரித்துச் சொல்லக் காரணம், கீழே வரும் வழிகளுக்குள் உள்ள உண்மையான வேறுபாடு இங்கேதான் தெரியும்: ‘இந்த இடம் எடுக்கப்பட்டது’ என்று எழுதிவைக்க அந்த அலொகேட்டரிடம் ஏதாவது ஏடு இருக்கிறதா, இல்லையா.

நிலையான இடமும் நகரும் சுட்டியும்

மிக எளிய வழி, கேட்கவே கேட்காமல் இருப்பது. தொடக்கத்துக்குத் தேவையான பக்க அட்டவணைகளையும் அடுக்கையும் (ஸ்டாக்) கர்னல் பிம்பத்துக்குள்ளேயே நிலையான அரேக்களாக வைத்துவிடலாம். இடம் இணைப்பு நேரத்திலேயே தெரிந்துவிடும், இரண்டு பேருக்குப் போக வழியில்லை. எல்லாக் கர்னலும் கொஞ்சமாவது இதைச் செய்துதான் ஆக வேண்டும். சிக்கல், எவ்வளவு போதும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாததுதான். எக்ஸ்86-64 லினக்ஸ் ஆரம்பப் பக்க அட்டவணைகளுக்கு இப்படி 64 பக்கங்களை வைத்திருக்கிறது. அவை தீர்ந்தால் என்ன ஆகும்? கட்டியதையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கும். தேவைப்படும் முகவரி பக்கப்பிழை (இணைக்காத முகவரியைத் தொட்டால் சிபியு எழுப்புவது) வழியாக மறுபடி இணைக்கப்படும். ஒதுக்கீடு தோற்றால் என்ன செய்வது என்ற கேள்விக்கு இவ்வளவு சுத்தமான பதிலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனால் மறுபடி கட்டிக்கொள்ளக்கூடிய பொருளுக்குத்தான் இது பொருந்தும். நீங்கள் தரவு எழுதிவைத்த பக்கத்துக்குப் பொருந்தாது. கர்னலை வெறும் பைனரியாக ஏற்றும் பூட்லோடராக இருந்தால், இந்த அரேக்கள் இருக்கும் பகுதியைச் சுழியமாக்குவதும் உங்கள் பொறுப்பு.

அடுத்தது பம்ப் அலொகேட்டர். ஒரு சுட்டி இருக்கும். கேட்ட அளவுக்கு அதை மேலே நகர்த்திவிட்டுப் பழைய இடத்தைத் தருவோம். திருப்பி வாங்குவது கிடையாது. பத்துப் பதினைந்து வரியில் முடிந்துவிடும். இதை இளக்காரமாகப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு இதன்மேல் மரியாதைதான். இதன் முழுக் கணக்கும் ஒரே ஓர் எண். ஒப்படைக்கும்போது, ‘இதற்குக் கீழே எல்லாம் என்னுடையது, மேலே எல்லாம் உன்னுடையது’ என்று சொன்னால் போதும். விடுபட எதுவும் இல்லை.

ஆனால் அந்த ஒரே எண், ரேம் இடைவெளியே இல்லாத ஒற்றைத் துண்டாக இருக்கும்வரைதான் உண்மையைச் சொல்லும். நடுவில் ரேம் டிஸ்க் இருந்தால் சுட்டி அதைத் தாண்டிக் குதிக்க வேண்டும். குதித்ததை எங்காவது எழுதிவைக்க வேண்டும். எழுதிவைத்தால் அது இனி வெறும் பம்ப் இல்லை, பட்டியல். 2 எம்பி எல்லையில் சீராக அமரும் பெரிய பக்கம் ஒன்றைக் கேட்டால், தாண்டிப்போன இடைவெளி கிட்டத்தட்ட 2 எம்பி வரை இருக்கலாம். அது யார் கணக்கிலும் வராமல் நிரந்தரமாகத் தொலையும். அளவைக் கூட்டும்போது எண் வழிந்து சுழியத்துக்குத் திரும்புகிறதா என்ற சோதனையையும் பலர் விட்டுவிடுகிறார்கள். வழிந்தால், எல்லையைத் தாண்டவில்லை என்று பதில் வரும். கையில் கிடைப்பது கர்னலின் சொந்த நிரல் இருக்கும் பக்கமாக இருக்கலாம்.

ரஸ்ட் மொழியில் கர்னல் எழுதக் கற்றுத்தரும் பிரபலமான ஒரு தொடரிலும் இந்த வகைதான் வருகிறது. வரைபடத்தின் பயன்படுத்தக்கூடிய பகுதிகளைச் சட்டகங்களின் (பக்க அளவுள்ள ரேம் துண்டுகள்) வரிசையாகப் பார்த்து, ‘அடுத்தது எத்தனையாவது’ என்ற ஓர் எண்ணை மட்டும் வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலிருந்து எண்ணிக்கொண்டு வரும். பாடத்துக்கு அருமையானது. நிஜக் கர்னலுக்கு எடுத்துப்போகும் முன், ஒப்படைப்பு என்ற கடைசிப் படி அங்கே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

பக்கங்களுக்குள்ளேயே எழுதும் பட்டியல்

எம்ஐடியின் கற்பித்தல் கர்னலான எக்ஸ்வி6 வேறு பாதையில் போகிறது. தொடக்கத்துக்கென்று தனி அலொகேட்டரே இல்லை. காலியான ஒவ்வொரு பக்கத்தின் தொடக்கத்திலும் அடுத்த காலிப் பக்கத்தின் முகவரியை எழுதிச் சங்கிலியாகக் கோத்துவிடுகிறது. கணக்கு எழுதத் தனி இடம் வேண்டாம் என்பதால் அந்த முதல் முடிச்சு தானாகவே அவிழ்கிறது. ஒப்படைப்பும் கிடையாது, முதலிலிருந்து கடைசி வரை ஒரே அலொகேட்டர்தான்.

இதற்குக் கொடுக்கும் விலை வேறு. ஒரு பக்கத்துக்குள் எழுத வேண்டுமென்றால் அந்தப் பக்கம் பக்க அட்டவணையில் இணைந்திருக்க வேண்டும். எக்ஸ்86 பதிப்பில் தொடக்கப் பக்க அட்டவணை முதல் 4 எம்பியை மட்டுமே இணைத்திருக்கும். அதனால் வேலை இரண்டு தவணையாகப் பிரிகிறது. முதல் தவணையில் கர்னல் முடிவிலிருந்து 4 எம்பி வரை உள்ள பக்கங்கள் மட்டும் சங்கிலியில் சேரும். லாக் எதுவும் போடாமல், ஏனென்றால் அப்போது ஓடுவது ஒரே சிபியு. அந்தப் பக்கங்களைக் கொண்டு முழுப் பக்க அட்டவணை கட்டப்படும். மற்ற சிபியுக்களை எழுப்பியபின்தான் இரண்டாம் தவணை. வரிசை ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறது? எழும் சிபியுக்களும் முதலில் அதே 4 எம்பி அட்டவணையில்தான் ஓடுகின்றன. அவற்றுக்குத் தரும் அடுக்கு 4 எம்பிக்கு மேலிருந்து போய்விட்டால் எழுந்த கணமே விழுந்துவிடும். இந்த ஓர் இடத்தை நிரலோடு உட்கார்ந்து படித்தால், ‘காலியாக இருக்கிறது’ என்பதும் ‘இப்போது தொட முடியும்’ என்பதும் வேறு வேறு என்று மனதில் பதிந்துவிடும். விடுவிக்கும் பக்கத்தை எக்ஸ்வி6 குப்பை மதிப்பால் நிரப்புவதும் பாராட்ட வேண்டிய பழக்கம். பழைய சுட்டியைப் பிடித்துக்கொண்டிருப்பவர் சீக்கிரமே மாட்டிக்கொள்வார்.

ஆனால் அது ஃபர்ம்வேர் வரைபடத்தைப் படிப்பதே இல்லை. ரேமின் உச்சம் எக்ஸ்86 பதிப்பில் 224 எம்பி என்றும், ரிஸ்க்-5 பதிப்பில் 128 எம்பி என்றும் நிரலிலேயே எழுதியிருக்கிறது. அதைவிடக் குறைந்த ரேமில் ஓடவிட்டால் இல்லாத நினைவகத்தைக் கோக்கத் தொடங்கும். தொடர்ச்சியான பல பக்கங்களை இந்தச் சங்கிலி தரவும் முடியாது. கற்பதற்கான கர்னலாகத் தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஒன்றுக்கு இவை குறையல்ல. உங்கள் கர்னலுக்குக் குறையாகலாம்.

பிட்மேப்: லினக்ஸ் கைவிட்டது ஏன்

பக்கத்துக்கு ஒரு பிட்: எடுக்கப்பட்டதா, காலியா. 4 ஜிபி ரேமுக்கு 128 கேபி, 1 டிபிக்கு 32 எம்பி. லினக்ஸின் பழைய பூட்மெம் அப்படித்தான் இருந்தது. அதில் ஒரு நல்ல குணம்: தொடக்கத்தில் எல்லாப் பிட்களும் ‘எடுக்கப்பட்டது’ என்றே இருக்கும், ரேம் என்று உறுதியாகத் தெரிந்த பகுதியை மட்டும் ஒவ்வொன்றாகத் திறந்துவிட வேண்டும். மறதியால் தவறு நேர்ந்தால் கொஞ்சம் ரேம் வீணாகுமே தவிர, பிறர் இடம் பறிபோகாது. எந்த வழியை எடுத்தாலும் இந்தக் குணத்தை மட்டும் கூடவே எடுத்துக்கொள்ளுங்கள்.

சிக்கல், பிட்மேப்பை எங்கே வைப்பது என்பது. அதற்கே தொடர்ச்சியான ஒரு காலி இடத்தைத் தேட வேண்டும். தேடுவதற்கு, எது காலி என்று தெரிந்த வேறொன்று வேண்டும். எக்ஸ்86-இல் அதனால் பூட்மெமுக்கும் முன்னதாக ஆரம்ப ஒதுக்கீடுகளைக் குறித்துவைக்கும் இன்னொரு ஏற்பாடு உருவானது. ஆக, முதல் ஏட்டிலிருந்து பூட்மெமுக்கு ஒரு கைமாற்றம், பூட்மெமிலிருந்து பிரதான அலொகேட்டருக்கு இன்னொரு கைமாற்றம். கைமாற்றம் ஒன்று கூடினால் பிழை நுழைய ஒரு வாசல் கூடுகிறது. பவர்பிசி கிளையில் ஏற்கெனவே இருந்த பகுதிப் பட்டியல் முறை 2010-இல் மெம்பிளாக் என்ற பெயரில் பொதுவானது. பூட்மெம் கடைசியாக 2018-இன் 4.20 பதிப்பில் முழுவதுமாக நீக்கப்பட்டது. எட்டு ஆண்டுகள் இரண்டும் அருகருகே வாழ்ந்தன என்பதே, தொடக்க அலொகேட்டரைப் பின்னால் மாற்றுவது எவ்வளவு பாடு என்பதைக் காட்டும்.

இன்று புதிதாக எழுதுபவர் பிட்மேப்பைத் தொடக்க அலொகேட்டராக எடுக்க எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை. பிரதான அலொகேட்டராக வைத்துக்கொள்வது வேறு விஷயம், சிறிய கர்னலுக்கு அது நன்றாகவே பொருந்தும்.

இரண்டு பட்டியல்கள்

மெம்பிளாக்கின் அமைப்பு சொன்னால் நம்ப முடியாத அளவுக்கு எளிது. இரண்டு அரேக்கள். ஒன்றில் ரேம் எங்கெங்கே இருக்கிறது, மற்றதில் எது எது எடுக்கப்பட்டது. ஒவ்வொரு பதிவும் தொடக்க முகவரியும் அளவும்தான், கூடவே சில கொடிகள், எந்த நூமா கணுவை (ஒரு சிபியுவுக்கு அருகிலுள்ள ரேம் தொகுதி) சேர்ந்தது என்ற குறிப்பு. அடுத்தடுத்த பகுதிகள் ஒட்டினால் ஒன்றாகிவிடும். காலி இடம் என்று தனியே எதையும் சேமிப்பதில்லை. முதல் பட்டியலிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவதுதான் காலி. இந்தக் கழித்தல்தான் இதன் பாதுகாப்பு. உண்மை ஒரே இடத்தில் இருக்கிறது, இரண்டு பிரதிகள் முரண்பட வழியில்லை.

தொடக்க அரேக்கள் வழக்கமாக 128 பதிவுகளுக்கான நிலையான இடம், கர்னல் பிம்பத்துக்குள்ளேயே. அதனால் முதல் நொடியிலிருந்தே ‘இதைத் தொடாதே’ என்று எழுதிவைக்கலாம், ஒரு பைட்கூட ஒதுக்காமல். முதலில் தடைகளைப் பதிவு செய், பிறகு ஒதுக்கு என்ற ஒழுங்கு இதில் இயல்பாகவே வருகிறது. எழுதும் பக்கம் இணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்ற எக்ஸ்வி6 பிரச்சினைக்கும் இதில் பதில் உண்டு: ஒதுக்கீட்டுக்கு ஓர் உச்ச வரம்பு வைக்கலாம். எக்ஸ்86-இல் அந்த வரம்பு முதலில் 1 எம்பி. ரேம் முழுவதும் இணைக்கப்பட்ட பிறகே உயர்த்தப்படுகிறது.

128 போதாவிட்டால்? அரே தன்னை இரட்டிப்பாக்கிக்கொள்ளும். புதிய அரேக்கான இடம் பெரும்பாலும் மெம்பிளாக்கிடமிருந்தே வரும். இங்கே ஓர் அழகான பொறி இருக்கிறது. ‘இந்தப் பகுதியை ஒதுக்கிவை’ என்று ஒருவர் கேட்கிறார். பட்டியல் நிறைந்திருக்கிறது, புதிய அரேக்கு இடம் தேடுகிறது. கேட்டவரின் பகுதி இன்னும் பட்டியலில் ஏறவில்லை. அதனால் அது காலியாகத் தெரிகிறது. புதிய அரே அதன் மேலேயே போய் உட்காரலாம்! அதனால்தான் இரட்டிப்பாக்கும் ஃபங்ஷனுக்கு, ‘இப்போது சேர்க்கப் போகும் பகுதி இது, இதைத் தவிர்த்துவிட்டுத் தேடு’ என்று தனியாகச் சொல்லியனுப்புகிறார்கள். அத்தோடு, கர்னலின் இடம் போன்ற அடிப்படைத் தடைகள் பதிவாகும்வரை இரட்டிப்புக்கே அனுமதி இல்லை. சொந்தமாக இப்படி ஒரு பட்டியல் எழுதுபவர்கள் எளிதில் கோட்டைவிடக்கூடிய இடம் இது. வளரவே வேண்டாம், நிறைந்தால் பானிக் (கர்னல் தன்னை அங்கேயே நிறுத்திக்கொள்வது) என்று வைத்துவிடுவது சிறிய கர்னலுக்கு இன்னும் பாதுகாப்பான முடிவு.

பிசிக்கல் முகவரியைக் கேட்கும் ஒதுக்கீடு தோற்றால் மெம்பிளாக் சுழியத்தைத் தரும். ஆனால் சுழியமும் செல்லுபடியாகும் பிசிக்கல் முகவரிதான். ஆகவே சுழியாவது பக்கத்தை எப்போதும் ஒதுக்கிவைப்பது கட்டாயம். ரஸ்ட்டில் எழுதினால் விருப்ப வகையை (ஆப்ஷன்: மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம்) திருப்பித் தந்து இந்தக் குழப்பத்தையே ஒழித்துவிடலாம்.

காலத்துக்கேற்ப வளர்ந்ததும் இந்த அமைப்புதான். ரகசியக் கணிப்பீட்டுக்கான மெய்நிகர் இயந்திரங்களில் ரேமைத் தொடும் முன் ‘ஏற்றுக்கொள்கிறேன்’ என்று சொல்ல வேண்டிய வகை ஒன்று உண்டு. 2023-இல் லினக்ஸ் அதற்கு ஆதரவு சேர்த்தபோது, மெம்பிளாக் ஒதுக்கும் அந்த ஒரே வாசலில் ஏற்பு அழைப்பைச் சேர்க்க முடிந்தது. எல்லா ஒதுக்கீடும் ஒரு வழியாகப் போனால் கிடைக்கும் பலன் இது.

எஸ்இஎல்4 மாதிரி நுண்கர்னல்கள் (மிகக் குறைந்த வேலையை மட்டும் தம்மிடம் வைத்துக்கொள்பவை) பிரச்சினையையே வேறு இடத்துக்கு நகர்த்திவிடுகின்றன. பூட் முடிந்தபின் கர்னல் தானாக எதையும் ஒதுக்காது. மீதமுள்ள ரேம் முழுவதும் வகையற்ற நினைவகம் என்ற உரிமைச்சீட்டுகளாக முதல் பயனர் நிரலிடம் போய்விடும். கணிதமுறை நிரூபணத்துக்கு இதைவிட வசதியான அமைப்பு இல்லை. ஆனாலும் 2009-இல் அதன் 8,700 வரி சி நிரலுக்கு நிரூபணம் வந்தபோது, பூட் நிரல் அதற்குள் அடங்கவில்லை, சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. அவ்வளவு கறாரான குழுவே அப்போது ஓர் அனுமானத்தோடு விட்ட பகுதி இது என்பதை நினைத்துப் பாருங்கள். நுண்கர்னல் எழுதுவதாக இருந்தால் மட்டும் இந்த வழியை எடுங்கள். பாதியில் மாற்றிக்கொள்ளும் விஷயமல்ல.

ஒப்படைப்பில்தான் தேர்வு முடிவாகிறது

கடை கைமாறும்போது இருப்பைச் சரிபார்ப்பது போல, தொடக்க அலொகேட்டர் விலகும் கணத்தில் இரண்டு பக்கமும் கணக்குப் பார்க்க வேண்டும். அதன்பின் பழையவரிடம் யாரும் போகக்கூடாது. சொல்வது எளிது. லினக்ஸில் 2023-இல் திருத்தப்பட்ட ஒரு பிழையைப் பாருங்கள். கெஎக்ஸெக் வழியாக ஒரு கர்னலிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது, ஐஎம்ஏ என்ற பாதுகாப்புப் பகுதி தன் அளவீட்டுப் பதிவுகளை ஒரு பஃபரில் கடத்திக் கொண்டுவரும். வேலை முடிந்ததும் அதை விடுவிக்க வேண்டும். எக்ஸ்86-இல் அதை மெம்பிளாக்கின் வழக்கமான விடுவிப்பு ஃபங்ஷன் வழியாகச் செய்தார்கள். ஆனால் அந்த நிரல் ஓடும் நேரத்தில் மெம்பிளாக் கலைந்து வெகுநேரமாகியிருந்தது, அதன் அரேக்களே விடுவிக்கப்பட்டிருந்தன. விடுவித்த நினைவகத்தைப் படித்து, கேஏசேன் போன்ற சோதனைக் கருவி இயங்கினால் கர்னல் பானிக் ஆகும் நிலை. பிந்தைய காலத்துக்கென்று உள்ள விடுவிப்பு ஃபங்ஷனை அழைப்பதுதான் திருத்தம். அனுபவமுள்ளவர்கள் பார்த்துப் பார்த்து எழுதும் நிரலிலேயே இது நுழைந்தது.

சி மொழியில் இதைத் தடுக்க லினக்ஸ் சில வேலிகள் போட்டிருக்கிறது. பல இயந்திர வகைகளில் மெம்பிளாக் நிரல் பூட் முடிந்தபின் தூக்கியெறியப்படும் பிரிவில் இருக்கும். சாதாரண நிரல் அதை அழைத்தால் தொகுப்பின்போதே எச்சரிக்கை வரும். பிரதான அலொகேட்டர் வந்தபின் யாராவது மெம்பிளாக்கிடம் இடம் கேட்டால், எச்சரித்துவிட்டு புதிய அலொகேட்டரிலிருந்து எடுத்துத் தரும். ஒதுக்குவதில் வேலி இருக்கிறது. மேலே சொன்ன பிழை விடுவிக்கும் பக்கமாக வந்தது.

ரஸ்ட் இங்கே உண்மையிலேயே உதவுகிறது. தொடக்க அலொகேட்டரை மதிப்பாகவே விழுங்கி (உரிமையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு), மீதமுள்ள பகுதிகளைத் தரும் ஒரு ஃபங்ஷனாக ஒப்படைப்பை எழுதினால், அதன்பின் பழையதைத் தொடும் நிரல் தொகுக்கவே தொகுக்காது. ஆனால் அலொகேட்டரை எல்லா இடத்துக்கும் கையில் எடுத்துப்போக முடியாமல் உலகளாவிய மாறியாக வைக்க நேர்ந்தால், இந்த உறுதி தொகுப்பு நேரத்திலிருந்து ஓட்ட நேரத்துக்கு இறங்கிவிடும். லாக்குக்குள் விருப்ப வகையாக வைத்து, ஒப்படைக்கும்போது எடுத்துவிட்டால், பின்னால் வருபவர் காலியைப் பார்த்து பானிக் ஆவார். அதுவும் நல்லதுதான், சத்தமில்லாத சிதைவைவிட ஆயிரம் மடங்கு மேல். ஃபர்ம்வேர் வரைபடம் பொய் சொன்னால் ரஸ்ட்டாலும் ஒன்றும் செய்ய முடியாது. அந்த இடம் அன்சேஃப் (தொகுப்பியால் சரிபார்க்க முடியாதது) என்றே குறிக்கப்பட வேண்டும்.

சரி, எதை எடுப்பது?

ரேம் ஒரே துண்டு, ரேம் டிஸ்க் இல்லை, ஒரே பலகை என்றால் பம்ப் போதும். ஒப்படைத்தவுடன் சுட்டியை உச்ச எல்லையில் வைத்துவிடுங்கள், பிறகு கேட்பவர் தோற்பார். வகுப்பறைக்கு எக்ஸ்வி6 சங்கிலியை மிஞ்ச எதுவும் இல்லை. இவை தவிர மற்ற எல்லாவற்றுக்கும், அதாவது நிஜ ஃபர்ம்வேரில் பூட் ஆக வேண்டிய எந்தக் கர்னலுக்கும், என் தேர்வு இரண்டு நிலையான பட்டியல்கள்: ரேம், எடுக்கப்பட்டது. வளர்ச்சி வேண்டாம். விடுவிப்பும் வேண்டாம், உண்மையிலேயே தேவை வரும்வரை. பம்பைவிடக் கூடுதலாக நூறு, இருநூறு வரி ஆகலாம். அது நியாயமான விலை. முதல் பக்க அட்டவணைகள் மட்டும் நிலையான அரேயிலிருந்து.

எழுதியபின் ஒரு சோதனையை பூட்டிலேயே நிரந்தரமாக வைத்துவிடுங்கள். ஒப்படைப்பு முடிந்ததும் பிரதான அலொகேட்டர் பெற்ற பக்கங்களையும், எடுக்கப்பட்ட பட்டியலில் ரேமுக்குள் விழும் பக்கங்களையும் கூட்டினால், ரேம் பட்டியலின் மொத்தம் வர வேண்டும். பக்க எல்லையில் சேராத ஓரங்களை எந்தப் பக்கம் தள்ளுவது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள்: ரேமின் ஓரம் உள்நோக்கிச் சுருங்க வேண்டும், எடுக்கப்பட்டதன் ஓரம் வெளிநோக்கி விரிய வேண்டும். அப்புறம் க்யூஈமுவில் ரேம் அளவை 64 எம்பி, 3 ஜிபி, 5 ஜிபி என்று மாற்றி மாற்றி ஓடவிடுங்கள். 5 ஜிபியில் 4 ஜிபி எல்லைக்குக் கீழே சாதனங்களுக்கான இடைவெளி விழுந்து ரேம் இரண்டு துண்டாகும். பம்பை மட்டும் நம்பிய கர்னல்கள் பெரும்பாலும் அங்கேதான் முதலில் விழும்.